வறுத்த பயறு முளைக்கும் ஊரில் ஒரு டயட்

எங்கள் திருப்புட்குழி மரகதவல்லித் தாயார் வறுத்த பயறையே முளைக்க வைப்பவள். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள், வறுத்து ஊறவைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் முளை விட்டிருந்தால் வேண்டுதல் பலித்த மாதிரி. அப்படிப்பட்ட ஊரில், சோற்றுக்குப் பதிலாக நான் தின்ற பயறுச் சுண்டல் இடுப்பைச் சுற்றித் தழைத்ததில் என்ன ஆச்சரியம்?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. டயட்டும் டம்பெல்லுமாகப் பாடுபட்டவனுக்கு ஒன்றரை கிலோ கூடியிருப்பதாக எடை மெஷின் காட்டினால் முதலில் மெஷினைத்தானே சந்தேகிக்க வேண்டும்? ஹாலில் வைத்தேன், சமையலறையில் வைத்தேன், பேட்டரியை மாற்றினேன். கடைசியில் காலி காஸ் சிலிண்டரைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். சிலிண்டரின் கழுத்தில் எழுதியிருந்த எடையை அப்படியே காட்டியது. மெஷின் யோக்கியன்.

"அது தண்ணி சார்" என்றார் ஜிம் மாஸ்டர். புதிதாக எடை தூக்கும்போது தசைநார்கள் நுண்ணியதாகக் கிழியும். அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரைச் சேர்க்கும். தசையில் சேமிப்பாகும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் நீரையாவது பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறுகாய் உப்பு தன் பங்குக்குச் சேர்க்கும். சில வாரங்களில் வடிந்துவிடுமாம்.

தண்ணீர்! காதில் தேன். பட்டு கூட அப்படித்தானே? முதலாளி நூலை எடை போட்டுக் கொடுத்துச் சேலையை எடை போட்டு வாங்கும் காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் பட்டு ஈரம் குடித்துக் கனக்கும். உலக வணிகத்தில் காய்ந்த பட்டின் எடையோடு ஈரத்துக்கென்று 11 சதவீதம் சேர்த்துத்தான் கணக்கே. பட்டுக்குக் காட்டும் அந்தச் சலுகையை எனக்கும் காட்டினால் என்ன? சாயம் போடுமுன் சோப்புத் தண்ணீரில் வேகவைத்தால் பசை கழன்று ஏறக்குறைய கால் பங்கு எடையும் போய்விடும் பாக்கியம், அதற்கு மட்டுமே வாய்த்தது.

"ஒரு கிலோ கொழுப்பு ஏற 7700 கலோரி மிச்சமாகணும். நான் எங்கே தின்றேன்?" என்று வீட்டில் முழங்கினேன். இல்லாள் பால் கணக்கு நோட்டைப் புரட்டிப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். சுண்டல் தாளித்த எண்ணெய், கரண்டிக்கு 120 கலோரி. மிளகாய்ப்பொடிக்குக் குழைத்த நல்லெண்ணெய் தனி. வரதராஜர் கோயில் இட்லி, மூங்கில் குடலையில் வெந்தது, மிளகும் சுக்குமாய் மருந்து மாதிரி இருப்பது. பிரசாதம் என்பதால் நான் அதைச் சாப்பாட்டில் சேர்த்ததே இல்லை. அவள் சேர்த்தாள்.

மெஷினை நம்பாமல் இடுப்பை அளந்து பார்க்கச் சொல்லியிருந்தார் மாஸ்டர். எடை கூடி இடுப்பு குறைந்தால் தசை. இடுப்பும் கூடினால் வேறு கதை. தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப் வந்தது. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். அவள் நான் மூச்சு விடும்வரை பொறுத்திருந்து அளந்தாள்.

"ஏங்க, இந்தத் தண்ணிய எந்தக் குழாயில திறந்து விடணும்?"