ஓர் இரவுக்கு ஒரு ஐதராபாத்

கேள்வி: மாலை ஆறு மணிக்கு ஐதராபாத்தில் இறங்குகிறேன். மறுநாள் காலை ஒன்பதுக்கு அடுத்த விமானம். அந்த ஓர் இரவில் எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: ‘எதையெல்லாம்’ என்ற ஆசையை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். சாலார் ஜங் அருங்காட்சியகம் மூடியிருக்கும். கோல்கொண்டாவைச் சுற்ற அரை நாளாவது வேண்டும். ஹைடெக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களோ சென்னை சோழிங்கநல்லூரிலேயே இருக்கின்றன.

விமான நிலையம் இருக்கும் ஷம்ஷாபாத்திலிருந்து நேரே பழைய நகரத்துக்குப் போங்கள். 1591-ல் முகம்மது குலி குதுப் ஷா கட்டிய சார்மினார் இரவு விளக்கொளியில் பகலைவிட அழகு. மேலே ஏற முடியாது, முழங்காலுக்கு லாபம். பக்கத்திலேயே லாட் பஜார். கல் பதித்த அரக்கு வளையல் வாங்குவதானால் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். மனைவியோடு போகிறவர் இந்தத் தெருவுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. அது தானாகவே ஒதுங்கிவிடும்.

அப்புறம் பிரியாணி. ஒரு பிளேட் இருவருக்குத் தாராளம் என்பதால் வீரம் காட்டாதீர்கள். ரம்ஜான் மாதமென்றால் ஹலீம்தான் முதல் மரியாதைக்கு உரியது. 2010-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அந்த மாதத்தில் பழைய நகரம் விடிய விடிய விழித்திருக்கும், ஓட்டல் அறைக்குக் கொடுத்த காசுதான் வீண்.

இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். கடைசி நிஜாம் உஸ்மான் அலி கானின் பெயர் கொண்ட பிஸ்கட் அது. காலை ஆறுக்குள் கிளம்பிவிடுங்கள். மெட்ரோ ரயில் இன்னும் விமான நிலையம் வரை போகவில்லை.