பையன் என்ன பண்றான்?

மலைப்பாதை. இரண்டு பக்கமும் தேயிலை. மூடுபனி. முதுகில் பெரிய பையோடு ஓர் இளைஞன் தன்னந்தனியாக நடந்து போகிறான். திரும்பியே பார்க்கவில்லை. பின்னணியில் புல்லாங்குழல். பெற்ற தாய்கூட இல்லாத பிள்ளை போலிருக்கிறதே என்று நமக்குத் தொண்டையை அடைக்கிறது.

நீங்கள் பார்ப்பது அந்தப் பத்து விநாடி. பதினோராவது விநாடியில் அவன் சட்டென்று நின்று, திரும்பி, இறங்குகிற பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். ஸ்டாண்டில் நிற்கிற செல்போனை எவனாவது லவட்டிக்கொண்டு போய்விட்டால்? எடுத்துப் போட்டுப் பார்க்கிறான். பை கோணலாக விழுந்திருக்கிறது. மறுபடி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மறுபடி தன்னந்தனியாகப் போகிறான். பயண வீடியோ எடுக்கிறவன் ஒரு கிலோமீட்டர் நடந்ததாகக் காட்டினால், அவன் கால் கணக்கில் குறைந்தது மூன்று கிலோமீட்டர்.

“நான்தான் சும்மா உட்கார்ந்திருக்கேனே, பிடிக்கட்டுமா மாப்ள?” என்றேன்.

“வேணாம் மாமா. ஆள் புடிச்சா கை ஆடும். சோலோ டிரிப் ஃபீல் போயிரும்.”

நான் பாலத்துச் சுவரில், கேமரா கண்ணுக்கு எட்டாத இடத்தில், அவனுடைய இன்னொரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பனி ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மினேன்.

இவன் என் அக்கா மகன். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் ஷிப்ட் பார்த்தான். ஒருநாள் பெட்டியோடு போடிக்கு வந்து இறங்கினான். வேலையை விட்டாச்சு, இனிமேல் டிராவல் வீடியோ, சொந்த சேனல் என்றான். அக்காவுக்கு அதில் ‘டிராவல்’ மட்டும் காதில் விழுந்தது. “எம் மகன் டிராவல்ஸ் ஆரம்பிச்சிருக்கான்” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே சொந்தக்காரர்களிடமிருந்து போன். பழனிக்கு டெம்போ டிராவலர் கிலோமீட்டருக்கு எவ்வளவு? சபரிமலைக்குப் பதினெட்டுப் பேர், டிரைவர் பேட்டா தனியா? ஒருவர் கல்யாணத்துக்கு முன்பணமே கொண்டுவந்துவிட்டார். திருப்பிக் கொடுக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வண்டி எடுத்திருந்தால் இன்றைக்குக் குடும்பம் நிமிர்ந்திருக்கும் என்று அக்கா இப்போதும் சொல்கிறாள். எனக்கும் அதில் பெரிய கருத்து வேற்றுமை இல்லை.

நம் மொழியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ‘உலகம் சுற்றினான்’ என்றால் மாலை போடுகிறோம். ‘ஊர் சுற்றுகிறான்’ என்றால் பெண் கொடுக்க மாட்டோம். எம்.ஜி.ஆர். 1973-இல் உலகம் சுற்றினார், வாலிபன் என்றோம். என் மாப்பிள்ளை தேனி மாவட்டத்தைச் சுற்றுகிறான், வெட்டிப்பயல் என்கிறோம். உலகத்துக்கும் ஊருக்கும் நடுவில் எந்த இடத்தில் மரியாதை தொடங்குகிறது என்று யாராவது ஒரு மைல்கல் நட்டால் நல்லது.

அவனுக்கு ஊக்கமாக இருக்கட்டும் என்று ஒருநாள் ஏ.கே. செட்டியாரைப் பற்றிச் சொன்னேன். கோட்டையூர்க்காரர். காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்று கண்டம் கண்டமாகச் சுற்றி, எங்கெங்கோ கிடந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் படத்தை வெளியிட்டவர். அவ்வளவு தூரம் சுற்றியவர் எழுத்தில் தன்னைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார் என்றேன். மாப்பிள்ளை கண்ணை விரித்துக் கேட்டுவிட்டு, “அவருக்கு எத்தனை சப்ஸ்கிரைபர், மாமா?” என்றான்.

“குமரி மலர்னு பத்திரிகை நடத்தினாரு. சந்தாதாரர்கள் இருந்தாங்க. ஆனா அவங்க காசு கட்டினாங்க.”

“காசா!” என்றான். அந்த ஒரு தகவலில்தான் செட்டியார்மேல் அவனுக்கு மதிப்பு வந்தது.

அவனுடைய உண்மையான குலதெய்வம் சந்தோஷ் ஜார்ஜ் குளங்கர. எங்கள் ஊருக்கு மலையேறினால் கேரளா, அதனால் மலையாள டிவி எங்களுக்குப் பக்கத்து வீடு. 2001-இல் ஏசியாநெட்டில் ‘சஞ்சாரம்’ தொடங்கி, தனியாளாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நூறு நாடுகளுக்கு மேல் போய், கடைசியில் ‘சஃபாரி’ என்று சொந்தத் தொலைக்காட்சியே நடத்துகிற மனிதர். அவரிடமிருந்து மாப்பிள்ளை கற்றுக்கொண்டது தனியாளாகப் போவதை. அதற்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறான்.

தொழிலுக்கு மூலதனம் போட்டான். தவணையில் பைக். கை நடுங்கினாலும் படம் நடுங்காமலிருக்க ஒரு கிம்பல். சட்டைக் காலரில் மாட்டுகிற மைக், அதற்குக் காற்றிரைச்சல் புகாமலிருக்க ஒரு ரோமத் தொப்பி. அக்கா அதை எலிக்குஞ்சு என்று நினைத்து விளக்குமாற்றால் ஒரு போடு போட்டாள். பிறகு டிரோன். எடை 249 கிராம். 250 கிராமுக்குள் இருந்தால் சட்டப்படி அது ‘நானோ’, கெடுபிடி குறைவு. அதற்காகவே ஒரு கிராம் குறைத்துச் செய்திருக்கிறார்கள் என்று ஏலக்காய் எடை போடுகிறவனைப்போல் விளக்கினான். முதல் நாள் பறக்கவிட்டான். மேலே போனது, சொன்ன பேச்சைக் கேட்டது, ஒரு தோட்டத்து இலவ மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. தோட்டக்காரர் சந்தைக்குப் போயிருந்தார், வந்தால்தான் ஆள் ஏற்ற முடியும். சாயங்காலம் வரைக்கும் அண்ணாந்து பார்த்தபடி மரத்தடியிலேயே கிடந்தான். இலவு காத்த கிளியைக் கேள்விப்பட்டுத்தான் இருந்தேன், நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி இந்தப் பயண வீடியோ இனத்தின் பேச்சு. “சொல்ல வார்த்தையே இல்ல மக்களே” என்று ஆரம்பித்தால் அடுத்த பதினெட்டு நிமிஷம் வார்த்தைக்குப் பஞ்சமிருக்காது. மலை வேற லெவல். அருவி வேற லெவல். அருவிக்கரையில் விற்கிற மசாலா மாங்காயும் வேற லெவல். எல்லாமே வேற லெவல் என்றால் பழைய லெவலில் யார்தான் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. சாப்பாட்டுக் கடையில் கவளம் நாக்கைத் தொடுவதற்கு முன்பே கண்கள் சொருகிவிடும், தலை பக்கவாட்டில் ஆடத் தொடங்கிவிடும். ஒரு புரோட்டா கடையில் மாஸ்டரிடம், “அண்ணே, அந்த வீசுற ஷாட் இன்னொரு தடவை” என்று கேட்டான். வீசினார். “லைட் மாறிருச்சுண்ணே, இன்னொண்ணு.” வீசினார். மூன்றாவது தடவை கேட்டதும் மாஸ்டர் மாவைக் கல்லில் வைத்துவிட்டு, “தம்பி, சாப்பிடுற கூட்டம் நிக்குது. வேணும்னா நீ வீசு, நான் புடிக்கிறேன்” என்றார். இவன் வீசினான். அது யார் தோளில் போய் விழுந்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை, அந்தச் சட்டை இன்னும் வண்ணானிடம் இருக்கிறது.

எல்லா வீடியோவும் எட்டு நிமிஷத்தைத் தாண்டியிருக்கும். எட்டு நிமிஷம் ஆனால்தான் நடுவில் விளம்பரம் போட முடியும் என்பது யூடியூப் விதி. அருவி மூன்று நிமிஷத்துக்குத்தான் தாங்கும். மிச்சத்துக்கு ஷூ லேஸ் கட்டுவது, பெட்ரோல் போடுவது, ‘கிளைமேட் எப்படி இருக்குன்னு பாருங்க’ என்று வெறும் வானத்தைக் காட்டுவது. கோயில் வீடியோ இன்னும் விசேஷம். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆகையால் இவனுடைய கோயில் வீடியோக்களில் தேர்முட்டி, பூக்கடை, செருப்பு வைக்கிற இடம், எதிர்த்த ஓட்டல் பொங்கல் எல்லாம் வரும், சாமி மட்டும் வராது.

விளம்பர வருமானத்துக்கு வாசல் திறக்க ஆயிரம் சந்தாதாரர் வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் ஜனங்கள் நாலாயிரம் மணி நேரம் பார்த்திருக்கவேண்டும். நான் கணக்குப் போட்டேன். ஒரே ஆள் கண் கொட்டாமல் பார்த்தால் 166 நாள், 16 மணி நேரம். அக்கா அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். ராத்திரி படுக்கும்போது அரிசி டின்மேல் போனைச் சாத்தி, மகன் வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தூங்குவாள். விடிய விடிய அந்த அடுப்படியில் “ஹாய் மக்களே” என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டேயிருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்த அவள் மாமியார் பயந்து, விபூதி பூசிக்கொண்டு படுத்தார்.

அப்படியும் சந்தாதாரர் எண்ணிக்கை எண்ணூறைத் தாண்டவில்லை. தாண்டவைத்தது எங்கள் ஊர் ரயில். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பி வந்தது. ஸ்டேஷனில் திருவிழாக் கூட்டம். இவன் சும்மா போனைத் தூக்கிப் பிடித்தான். மைக்கில் சார்ஜ் இல்லை, கூட்டத்தின் கூச்சலில் இவன் பேசியது ஒன்றும் பதியவில்லை. அதைத்தான் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிற போடிக்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துத் தீர்த்தார்கள். அடுத்த வீடியோவிலிருந்து இரண்டு மைக் வாங்கி மாட்டிக்கொண்டான்.

பத்து டாலர் சேர்ந்ததும் கூகுளிலிருந்து ரகசிய எண்ணோடு தபால் வரும், அதைப் பதிந்தால்தான் பணம். உலகத்தையே உள்ளங்கையில் வைத்திருந்தவன் தபால்காரருக்காக வாசலில் தவமிருந்தான். கதவில் புதிய எண், பழைய எண் இரண்டும் இருப்பதால் கடிதம் மூன்று வீடு தள்ளிப் போய், அங்கே இரும்புக்கடைப் பட்டியல்களோடு ஆணியில் குத்தப்பட்டிருந்தது. நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு. அதற்கு இன்னும் பல மாதங்கள் பிடித்தன. வந்த அன்று அக்கா அந்த ரூபாயைச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். மறுநாள் பைக் தவணைக்காரர் வந்து வாங்கிப் போனார்.

நடுவில் ஒரு தொலைக்காட்சியில் பயண நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர் தேர்வு என்று கூப்பிட்டார்கள். எந்தச் சேனல் என்பது வேண்டாம். எங்கள் பக்கத்து நாக்குக்கு ழகரம் ஒரு மேட்டுநிலம், ஏற முடியாமல் லகரத்திலேயே நின்றுவிடும். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிற அந்த ஏழைக் கிழவனை ஒரு வாரம் வீட்டில் விழவைத்துக்கொண்டேயிருந்தான். தேர்வில் கிழவனைக் கேட்கவில்லை. “உங்க ஊர்ப் பக்கம் ஒரு மலை பேர் சொல்லுங்க” என்றார்களாம். “கொலுக்குமலை” என்றிருக்கிறான். “கொழுக்குமலைங்க” என்று திருத்திய ஆள் கடைசியில், சம்பளம் கிடையாது, முகம் வெளியே தெரியும், அதுதான் சம்பளம் என்றாராம். முகம் தெரிந்தால் தவணைக்காரன்தான் கண்டுபிடிப்பான் என்று பஸ் ஏறிவிட்டான்.

அந்த அவமானத்தில்தான் கொழுக்குமலைக்கே கிளம்பினோம். அது தேனி மாவட்டம்தான், ஆனால் ஜீப் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் போகும். விடிகாலை நாலு மணி. குடலைக் கழற்றிக் கையில் கொடுக்கிற பாதை. “இதுவரைக்கும் யாருமே காட்டாத ஒரு இடத்துக்குப் போயிட்டிருக்கோம் மக்களே” என்று இருட்டில் ஆரம்பித்தான். முன்னால் பதினாறு ஜீப். பின்னால் எண்ணவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். போன ஜீப்பிலும் இதையே ஒருத்தர் சொன்னாராம்.

உச்சியில் பாறை ஓரமாக ஜனத்திரள். மேகம் காலுக்குக் கீழே பாலாகக் கிடந்தது. கிழக்கு வெளுத்து, சிவந்து, சூரியன் ஒரு நகக்கீற்று அளவு எட்டிப் பார்த்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். கையில் செல்போன், தோளுக்குமேல் சூரியன். உதிக்கிற சூரியனை நேராகப் பார்த்து நின்றவர்கள் நானும் ஒரு டீக்கடைக்காரரும்தான். மாப்பிள்ளை கையை விரித்து, கண்ணை மூடி, “இந்த அமைதி இருக்கே...” என்று தொடங்கினான். எனக்கு அடக்க முடியவில்லை. தும்மினேன். மலை முழுக்க எதிரொலித்தது. “இன்னொரு டேக் மாமா” என்று அவன் சூரியனைப் பார்த்தான். சூரியன் நிற்கவில்லை. எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்று சமாதானமானான்.

போன மாதம் சின்னமனூரில் பெண் பார்க்கப் போனோம். பையன் என்ன பண்றான் என்ற கேள்விக்கு அக்கா இந்தத் தடவை ‘மீடியா’ என்று பதில் தயாரித்திருந்தாள். கிளம்பும்போதே என்னிடம், “தம்பி, அங்க போய்த் தும்மித் தொலைக்காத, சகுனத் தடை” என்றும் சொல்லியிருந்தாள். கேசரி வந்தது. காராச்சேவு வந்தது. ‘மீடியா’ சபையில் நன்றாகவே எடுபட்டது. பெண் காபித் தட்டோடு வந்தாள். ஏதாவது பேசணும்னா பேசும்மா என்றார் அவள் அப்பா.

“உங்க வீடியோ பார்த்திருக்கேன்” என்றாள். மாப்பிள்ளை காலரைச் சரிசெய்துகொண்டான். “கொழுக்குமலை போனீங்கள்ல, சோலோ டிரிப்னு போட்டிருந்தீங்க. அதுல சூரியன் வர்றப்ப யாரோ பெருசா தும்முனாங்களே, அது யாரு?”

ழகரம் சுத்தமாக வந்தது அந்தப் பெண்ணுக்கு. கூடத்தில் பேச்சு நின்றது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தான், அக்கா என்னைப் பார்த்தாள். நான் காராச்சேவைப் பார்த்தேன். உள்ளே அடுப்படியில் யாரோ அப்போதுதான் எண்ணெயில் மிளகாய் வற்றலைப் போட்டார்கள்.