கண்டவர் உண்டிலர்: சிட்னித் துறைமுகத்துக் கிறிஸ்துமஸ் மதிய விருந்து பற்றிய ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், டிசம்பர் 25 அன்று நண்பகலில் சிட்னித் துறைமுகத்தில் மிதந்தபடியே மதியச் சாப்பாடு சாப்பிடுவோரின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. சாப்பாட்டுக்கு எதற்கு ஆராய்ச்சி என்பார்க்கு விடை வருமாறு: தலைக்குச் சில நூறு டாலர் கொடுத்துப் படகேறியவர்களிடம், இறங்கும்போது "பாலத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் யோசிக்கிறார்கள். பன்றித்தொடை ஹாம் எப்படி என்று கேட்டால் அதற்கும் யோசிக்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் யோசிக்கிறவர் காசுக்கு எதை வாங்கினார் என்பதே நம் ஆய்வுப் பொருள்.

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று வகுத்த தொல்லாசிரியர்கள், கடல்மேல் பஃபே போடப்படும் என்று எதிர்பார்க்கவில்லை. அவர்கள் விட்ட இடத்தை நிரப்புவது நம் கடமை. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு. இங்கோ தென்கோளம், டிசம்பர் என்பது கொளுத்தும் கோடை. முதுவேனிலும் நண்பகலும் கூடினால் அது பாலைக்கு உரிய பொழுது. நிலம் நெய்தலாகவும் பொழுது பாலையாகவும் அமைவதைத் திணைமயக்கம் என்பர். மயக்கம் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் தெளிவாகத் தெரியும். கருப்பொருளில் உணவு என்பன ஐஸ்மேல் கிடத்திய இறால், சிப்பி, வான்கோழி, ஹாம், பாவ்லோவா. புள், தட்டையே பார்க்கும் கடற்காகம். பறை, ஒலிபெருக்கி. தொழில், வரிசையில் நிற்றல். உரிப்பொருள் நெய்தலுக்குரிய இரங்கலே. ஆனால் பிரிந்த தலைவனுக்காக அன்று, கிடைக்காத ஜன்னலோர மேசைக்காக.

இனி நூற்பா. "கண்டவர் உண்டிலர், உண்டவர் கண்டிலர்." பழமொழி ஒன்றின் சாயல் இதில் அடிப்பதாகச் சிலர் குறை கூறுவர். அப்பழமொழி கடவுளைப் பற்றியது. நமது இறாலைப் பற்றியது. இரண்டும் வேறு துறை.

நிறுவுவோம். சிட்னித் துறைமுகப் பாலத்தின் அகலம் ஏறக்குறைய 49 மீட்டர். படகு மணிக்கு எட்டு கடல் மைல் வேகத்தில் போவதாகக் கொண்டால், நொடிக்கு நான்கு மீட்டரும் சொச்சமும் நகரும். ஆகவே பாலத்தின் அடியில் நாம் இருப்பது 12 நொடி. ஓர் இறாலின் தலையைத் திருகி, கால்களோடு ஓட்டை உரித்து, முதுகிலுள்ள கறுப்பு நரம்பை இழுத்தெடுக்கக் கைதேர்ந்தவருக்கே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். எனவே ஓர் இறால் = ஒரு பாலம். அந்தப் பாலத்துக்கு முதல் மண்ணை வெட்டியது 1923-இல்; திறந்தது 1932 மார்ச் 19-இல். ஏறத்தாழ ஒன்பது ஆண்டு உழைப்பு ஓர் இறாலின் ஓட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அடுத்த இறாலுக்கு ஆபரா ஹவுஸ். படம் எடுத்துவைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே எனின், அற்றன்று. இறால் உரித்த விரலுக்குக் கைப்பேசி கட்டுப்படுவதில்லை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. சிட்னியின் புறநகரான பெண்டில் ஹில் பக்கத்திலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றில் பேரன் மேல்தளப் படியில் நின்று, "அம்மம்மா, பாலம் வருது, ஓடி வாங்கோ!" என்று கத்தினான். அவர் வரிசையை விட்டு அசையவில்லை. "பாலம் ஒரு இடமும் போகாது மோனை. றால்தான் முடிஞ்சிடும்." இதற்கு உரை: பாலம் போகாது என்றது நிலைப்பொருளின் இயல்பு கூறியவாறு. படகு போகும் என்பதை அவர் சொல்லாமல் விட்டது அறியாமையால் அன்று; படகு திரும்பியும் இவ்வழியே வரும் என்பதை அறிந்தமையால் என்க. இறாலோ திரும்பி வருவதில்லை. இவ்வாதத்தை முறியடிக்க இயலாமையால், அடுத்ததற்குச் செல்வோம்.

ஆபரா ஹவுஸின் கூரையில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். அதை வடிவமைத்த டென்மார்க்கு நாட்டு யோர்ன் உட்ஸன், அரசோடு மனம் கசந்து 1966-இல் ஆஸ்திரேலியாவை விட்டுப் போனார்; 1973-இல் கட்டடம் திறக்கப்பட்ட பிறகும், சாகும்வரையும், வந்து பார்க்கவேயில்லை. அவருக்காவது காரணம் இருந்தது. நூறு மீட்டர் தொலைவில் கட்டடம் நிற்க, வான்கோழியில் மார்புத் துண்டா தொடைத் துண்டா என்று தீர்மானித்துக்கொண்டிருப்பவரை எந்த வகையில் சேர்ப்பது?

இந்த இடத்தில்தான் என் ஆய்வின் தலைமைக் கண்டுபிடிப்பு. பஃபே திறக்கும் முதல் அரைமணி நேரத்தில் படகு கடக்கும் இடங்கள் எல்லாம் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டவை. பார்க்காமல் விடுவதற்கென்றே யாரோ அடுக்கிவைத்தது போல. ஆபரா ஹவுஸை அடுத்த ஃபார்ம் கோவ், 1788-இல் கைதிகளோடு வந்திறங்கிய முதல் பிரித்தானியக் குடியேற்றத்தின் ஆளுநர் ஆர்தர் பிலிப் முதன்முதல் தானியம் விதைத்த இடம். மண் ஒத்துழைக்கவில்லை, இன்று அங்கே தாவரவியல் பூங்கா. சற்றுத் தள்ளி கார்டன் தீவு. அதே ஆண்டு அக்குடியேறிகளின் சிரியஸ் கப்பல்காரர்கள் காய்கறித் தோட்டம் போட்ட தீவு. இப்போது கடற்படைத் தளம், கரையோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆபரா ஹவுஸ் நிற்கும் முனையில் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாய்த் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடாகக் கிடந்தன. வந்தவர்கள் அவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சுவருக்குப் பூசினார்கள். பிறர் சாப்பிட்ட மிச்சத்தில் வீடு கட்டிய நகரம் அது.

அடுத்து நடுநீரில் ஒரு பாறை. இப்போது அதன்மேல் 1857-இல் முடிந்த கோட்டைக் கோபுரம். பெயர் ஃபோர்ட் டெனிசன். பழைய வழக்கில் பிஞ்ச்கட். 1788 பிப்ரவரியில் கூடிய முதல் குற்றவியல் நீதிமன்றம், சக கைதியின் பிஸ்கட்டைப் பறித்த ஒருவனுக்கு இந்தப் பாறையில் ஒரு வாரம் தனியாகக் கிடக்கும்படி தீர்ப்புச் சொன்னது. சாப்பாடு ரொட்டியும் தண்ணீரும். பிஸ்கட் என்றால் நாம் தேநீரில் முக்குவதன்று. பல்லை உடைக்கும் கப்பல் பிஸ்கட். அந்தப் பாறையைக் கடக்கும் வேளையில் படகுக்குள் மூன்று வகை ரொட்டி, இரண்டு வகை வெண்ணெய். அதில் விதை தூவியது தீர்ந்துவிட்டது என்று ஒருவர் முறையிட்டுக்கொண்டிருப்பார். ஒலிபெருக்கி கைதியின் கதையைச் சொல்லும். இடுக்கிகள் தட்டில் மோதும் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது.

மீன் விஷயம் தனி அத்தியாயத்துக்கு உரியது. கடலைப் பார்த்துக்கொண்டே கடலுணவு சாப்பிடுகிறோம் என்ற நிறைவு பயணிகளின் முகத்தில் தெரியும். அந்தத் தட்டில் உள்ள எதுவும் அந்தத் தண்ணீரில் பிடித்ததன்று. 2006-இல் துறைமுகத்துக்குள் வணிக மீன்பிடிப்பைத் தடை செய்துவிட்டார்கள். காரணம் டையாக்சின், மேற்கே ஹோம்புஷ் விரிகுடாக் கரையில் இருந்த பழைய இரசாயன ஆலைகள் விட்டுச்சென்ற நஞ்சு சேற்றில் படிந்து கிடக்கிறது. தூண்டில் போடுபவர்களுக்கு அரசு சொல்லும் அறிவுரை: பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனைச் சாப்பிடவே வேண்டாம், கிழக்கே பிடித்ததானால் பொதுவாக மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டாம். ஆக, 12 நொடியில் நாம் பார்க்காமல் விட்ட பாலம் வெறும் பாலம் அன்று. உண்பதற்கும் உண்ணாமைக்கும் நடுவே இழுத்த கோடு. இறாலும் மீனும் வெளியூர்க் கடலிலிருந்தும் பண்ணையிலிருந்தும் லாரியேறி வருகின்றன. கிறிஸ்துமஸுக்கு முன் 36 மணி நேரம் மூடாமல் விற்கிறது சிட்னி மீன்சந்தை. நெடுஞ்சாலையில் வந்த இறாலுக்குக் கடற்காட்சியைத் தொட்டுக்கொள்கிறோம்.

பஃபே மேசையை ஏன் படகின் நடுவில் போடுகிறார்கள்? கூட்டத்தை நடுவில் வைத்தால் படகு சாயாது என்பது என் ஊகம். விளையாட்டாகச் சொல்லவில்லை. 1938 பிப்ரவரி 13 அன்று இதே துறைமுகத்தில் லூயிஸ்வில் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வழியனுப்பப் போன ராட்னி என்ற படகில், மேல்தளத்துக் கூட்டம் கையசைக்க ஒரு பக்கமாகத் திரண்டது. படகு கவிழ்ந்து 19 பேர் இறந்தார்கள். ஆகவே எல்லாரும் ஒரே நேரத்தில் காட்சியைப் பார்ப்பது நல்லதன்று. இறால் வரிசை பயணிகளின் உயிரைக் காக்கிறது என்ற முடிவுக்கு வர எனக்கே கூச்சமாயிருக்கிறது. ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

படகு பிராட்லீஸ் ஹெட் முனையைத் தாண்டிக் கிழக்கே போனால் வடமுனை, தென்முனை என்னும் இரு பாறைகளுக்கு நடுவே கடல் வாய் திறந்திருக்கும். அதுவரை குளம்போல் கிடந்த நீர் அங்கே மெல்ல எழுந்து தாழும். கோடைப் பிற்பகலில் வடகிழக்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மூன்றாம் சுற்றுக்குத் தட்டேந்தி எழுந்தவர் பாதி வழியில் நின்று, யோசித்து, உட்கார்ந்துவிடுவது இங்கேதான். அளவோடு உண்ணச் சொல்லி மருத்துவர்கள் எவ்வளவோ எழுதியாயிற்று. ஓர் அலை அதைச் சொல்லாமலே செய்துவிடுகிறது. இனிப்பாக வரும் பாவ்லோவா, 1926-இல் இந்த நாட்டில் ஆடிவிட்டுப் போன ருஷ்ய நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் பெயர் கொண்டது. கண்டுபிடித்தது தாமே என்று ஆஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்துச் சுட்ட அதன் ஓடு ஈரத்தை உறிஞ்சும் சாதி. கடற்காற்றில் வைத்தால் மொறுமொறுப்பு போய்ப் பிசுபிசுக்கும். இந்தப் பதார்த்தத்தைப் படகில் பரிமாற முதலில் துணிந்தவர் யாரோ, அவரைக் குற்றம் சொல்வதா பாராட்டுவதா என்று எனக்குத் தெளிவில்லை.

கிராக்கரையும் விடக்கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் மிட்டாய்க்காரர் டாம் ஸ்மித் உண்டாக்கிய காகிதக் குழல். இருவர் இரு முனையைப் பிடித்து இழுத்தால் பட்டென்று வெடிக்கும். உள்ளே காகிதக் கிரீடம் இருக்கும். கீழ்த்தளத்தில் நூறு அரசர்கள் வீற்றிருப்பார்கள். மேல்தளத்துக்கு ஏறிய கணத்தில் காற்று எல்லாரையும் குடிமக்களாக்கிவிடும்.

நூற்பாவுக்கு விதிவிலக்கு உண்டா? உண்டு, அது மிகப் பழையது. வெள்ளைக்காரக் கப்பல்கள் வருமுன் இந்த நீரில் படகிலிருந்து மீன் பிடித்தவர்கள் பெண்கள். மரப்பட்டையை மடித்துக் கட்டிய சிறு ஓடம், சிப்பி ஓட்டில் தேய்த்த தூண்டில், ஓடத்தின் நடுவே களிமண் பரப்பி அதன்மேல் சிறு நெருப்பு. பிடித்த மீனை அங்கேயே வாட்டித் தின்பார்கள். துறைமுகத்தின் முதல் மிதக்கும் விருந்து அதுதான். அவர்களுக்குக் கண்ணுக்கும் வாய்க்கும் சண்டையில்லை, தண்ணீரைப் பார்க்காவிட்டால் சாப்பாடு இல்லை என்பதால். அவர்களில் பெயர் தெரிந்த ஒருவர் காமரேகல் குலத்துப் பரங்கரூ. 1790 நவம்பரில் குடியேறிகள் வலைபோட்டு ஏறக்குறைய 4,000 மீன்களை ஒரே நாளில் வாரியது அவருக்குப் பெருங்கோபம் மூட்டியதாகச் சொல்கிறார்கள். இன்று அவர் பெயரில் கரையோரம் ஒரு வட்டாரமே இருக்கிறது; அதில் உணவகங்கள் வரிசையாக நிற்கின்றன. படகுகள் அதையும் கடந்துதான் போகின்றன.

பயணிகளுள் இரு மரபினர் உளர். ஜன்னலோர மேசைக்குத் தனிக்காசு கட்டுவோர் ஒரு மரபினர். அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாலத்தைக் காணலாம். ஆனால் பஃபே வரிசைக்கு அந்த மேசையே எட்டாத் தொலைவு. மற்றவர் மேன்லி மரபினர். சர்குலர் கீ படகுத்துறையில் ஓப்பல் பயண அட்டையைத் தட்டி அரசாங்கப் படகில் ஏறி, அரைமணி நேரத்தில் அதே பாலம், அதே ஆபரா ஹவுஸ், அதே பாறை, அதே அலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மேன்லி கடற்கரையில் இறங்கிப் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள். அறிவு இவர்கள் பக்கம். அது ஊரறிந்த செய்தி. அதனாலேயே விருந்துப் படகுக்காரர்கள் இவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

பொட்டலம் என்றதும் விருந்துப் படகின் தலையாய விதி நினைவுக்கு வருகிறது: வெளி உணவுக்கு அனுமதியில்லை. இந்த விதிக்கு உள்ளூர் வரலாற்றில் ஆதாரமே கிடையாது. 1790-இல் குடியேற்றம் பட்டினியின் விளிம்பில் இருந்தது. சிரியஸ் நார்ஃபோக் தீவில் மோதி உடைந்துவிட்டது, இங்கிலாந்திலிருந்து கப்பலைக் காணோம், படியளப்பைக் குறைத்துக்கொண்டே போனார்கள். அந்நாளில் ஆளுநர் மாளிகை விருந்துக்குப் போனவர்கள் தத்தம் ரொட்டியைக் கையோடு கொண்டுபோனார்கள் என்று அங்கிருந்த படை அதிகாரி வாட்கின் டென்ச் எழுதியிருக்கிறார். சிட்னியில் விருந்தாளியின் இலக்கணம் அதுதான்: சாப்பாட்டைத் தானே கொண்டுவருபவர்.

அந்த மரபு அடியோடு அழிந்துவிடவில்லை என்பதற்குச் சான்று, முன்சொன்ன அம்மம்மா. ஹாம் சப்பென்றிருப்பதாகக் கண்ட அவர், கைப்பையிலிருந்து எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். பரிசாரகர் குனிந்து பார்த்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மம்மா மூடியைத் திருகியபடியே பேரனிடம் சொன்னார்: "மருந்தெண்டு சொல்லு மோனை."