இரண்டு கையில் ஒரு பூமி

தமிழ்நாட்டில் குழந்தைக் கலை எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் போய் நின்றால் போதும். ‘மாபெரும் இலவச ஓவியப் பயிற்சி முகாம் மற்றும் போட்டி’ என்று வாசலையே மறைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ் நிற்கும். அதில் தலைவர் இருப்பார், தலைவருக்குத் தலைவர் இருப்பார், தலைவரின் மகன் கூலிங் கிளாஸோடு கைகூப்பிக்கொண்டு இருப்பார். நகைக்கடை, பல் ஆஸ்பத்திரி, நீட் கோச்சிங் சென்டர் எல்லாம் இருக்கும். ஓவியத்தை எங்கே காணோம் என்று தேடினால், கீழே வலது மூலையில், இணையத்திலிருந்து இறக்கிய வெளிநாட்டுக் குழந்தை ஒன்று பத்து விரலிலும் பெயின்ட்டைப் பூசிக்கொண்டு சிரிக்கும். உள்ளே போகிற நம்மூர்க் குழந்தை ஒரு விரலில் பூசிக்கொண்டாலும் முதுகில் ஒன்று விழும். சட்டை புதுசு.

முகாம் பத்து மணிக்கு. சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தாள் கொடுத்துவிட்டார்கள், ஆனால் தொடக்கூடாது. விருந்தினர் வந்து குத்துவிளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, போர்த்தியவருக்குத் திருப்பிப் போர்த்தி, “குழந்தைகளின் கற்பனைக்கு நாம் எல்லையே வைக்கக்கூடாது” என்று மைக்கில் முழங்குவார். சரியாக அந்த வாக்கியத்தின் நடுவில் எல்.கே.ஜி. வாண்டு ஒன்று தாளில் ஒரு கோடு இழுத்துவிடும். “ஏய், வாயில விரல வை!” என்று தன்னார்வலர் ஒருவர் ஓடி வருவார். எல்லை அங்கே வந்துவிடும்.

பேச்செல்லாம் முடிந்த பிறகு சாப்பாட்டு நேரம்வரை மிஞ்சுகிற அரைமணி, முக்கால்மணிதான் கலைக்கு. அதற்குள் என்ன பயிற்சி கொடுப்பது? அச்சடித்த முயல் ஒன்று கையில் வரும். கீழே நகைக்கடையின் சின்னம். முயலுக்கு வண்ணம் அடிக்க வேண்டும், கோட்டுக்கு வெளியே போகக்கூடாது. அவ்வளவுதான் பாடம். ஒரே முயல் இருநூறு தடவை பிறக்கும். அதில் ஒரு முயல் ஊதா நிறத்தில் பிறந்துவிட்டால், பக்கத்தில் நிற்கிற அப்பா தலையிட்டு வெள்ளை ஆக்குவார். வெள்ளைத் தாளில் வெள்ளை முயலுக்கு வெள்ளை கிரேயான். படிவத்தில் கட்டம் தாண்டாமல் பெயர் எழுதுகிற குடிமக்களை எட்டு வயதிலேயே தயாரிக்கிறோம்.

போட்டி என்றால் தலைப்பு உண்டு. தலைப்புகள் நான்கைந்துக்கு மேல் இந்த மாநிலத்தில் கிடையாது: தண்ணீர், மரம், தூய்மை, போதை ஒழிப்பு, தேசபக்தி. ஒவ்வொரு தலைப்புக்கும் பரிசு வாங்கும் படமும் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்ட ஒன்று. இரண்டு கைகள் பூமி உருண்டையை ஏந்தியிருக்கும். உருண்டையில் பாதி பச்சை, பாதி வறண்டு வெடித்திருக்கும். மேலே குழாய், குழாயிலிருந்து ஒரே ஒரு சொட்டு. ஓவிய வகுப்புக்கு மாதக் கட்டணம் கட்டிப் போகிற பிள்ளைகள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடத்தில் போடுவார்கள். தண்ணீர் தினத்துக்குச் சொட்டு, சுற்றுச்சூழல் தினத்துக்குச் செடி, யோகா தினத்துக்குச் சம்மணம் போட்ட ஆள். கை மட்டும் மாறாது. அந்தக் கை யாருடையது என்று எந்த நடுவரும் கேட்டதில்லை.

நான் பார்த்த ஒரு முகாமில் தலைப்பு ‘நீரே உயிர்’. மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிற ஒரு பெண், ஒன்பது வயது இருக்கும், தாளை அகலவாக்கில் திருப்பி வைத்துக்கொண்டு குடம் போட ஆரம்பித்தாள். ஒரு குடம் இல்லை, வரிசையாகக் குடங்கள். ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரோஸ். எல்லாம் பிளாஸ்டிக் குடம் என்பது வாயின் வளைவிலேயே தெரிந்தது. ஒரு குடத்துக்கு வாய் உடைந்திருந்தது. நடுவே குடம் இல்லாத இடத்தில் ஒரு செங்கல். இடம் பிடித்துவிட்டுப் போனவர்கள் வைத்த கல். மேலே இடம் போதாததால் பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும்தான் உருவம்: நைட்டியின் ஓரம், அதன்மேல் துண்டு, ரப்பர் செருப்பு. தாளின் ஓரத்தில் லாரியின் பின்சக்கரம் பாதி. நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி, இன்னொருவர் ஸ்பான்சரின் மைத்துனர். மைத்துனர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரி பாப்பா, தண்ணி எங்கம்மா?”

“இன்னும் வரல சார்.”

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். “கொஞ்சம் பாசிட்டிவா போட்டிருக்கலாம்” என்றார். முதல் பரிசு இரண்டு கையில் பூமிக்குப் போனது. இரண்டாம் பரிசும் இரண்டு கையில் பூமிதான், கொஞ்சம் சின்ன பூமி. இந்தப் பெண்ணுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. பங்கேற்றதற்கு ஒரு சான்றிதழ், அதில் அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பல் ஆஸ்பத்திரியின் பெயர். படத்தையாவது வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்றால் அதுவும் முடியாது. விதிமுறையில் இருக்கிறது: படங்கள் திருப்பித் தரப்படமாட்டாது, நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது. அந்தத் தெருவில் தண்ணீர் எப்படி வருகிறது என்பதற்கு ஒரு நேர்சாட்சியின் வாக்குமூலம் மண்டபத்து அலமாரிக்கு மேலே போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் சொன்னால், “சும்மா கொடுக்கிறார்கள், அதையும் குறை சொல்கிறாயா?” என்பார்கள். யார் சும்மா கொடுத்தது? மண்டபத்துக்கு வாடகை உண்டு. ஷாமியானாக்காரருக்கு, மைக் செட்காரருக்கு, ஃப்ளெக்ஸ் அடித்தவருக்கு, சாம்பார் சாதம் கிண்டியவருக்கு, ட்ரோன் விட்டுப் படம் எடுத்தவருக்கு எல்லாம் கூலி உண்டு. மொத்த மண்டபத்தில் கூலி வாங்காமல் போகிறவர் வரையத் தெரிந்த ஒரே ஆள்தான். நுண்கலைக் கல்லூரியில் நான்கு வருஷம் படித்துவிட்டு வந்த பையன். அவனுக்கு ஒரு டி-ஷர்ட், ஒரு நினைவுப் பரிசு, “உனக்கு நல்ல எக்ஸ்போஷர் தம்பி” என்று முதுகில் ஒரு தட்டு. இந்தப் படிப்பு இங்கே இன்று நேற்று வந்ததல்ல. மதராஸில் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் கலைப்பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. தேவிபிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் போன்ற கலைஞர்கள் தலைமை தாங்கிய இடம். நூற்றெழுபது வருஷத்துக்கும் மேலாகக் கலைஞர்களை உருவாக்கிவிட்டு, அவர்களை நகைக்கடை முயலுக்குக் காவல் வைக்கிறோம்.

தனியார்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அரசாங்கம் இதைச் சட்டம் போட்டே செய்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, பள்ளியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. தலைமையாசிரியர் முழுநேரம், கலை பகுதிநேரம். நூறு பேரே படிக்கிற கிராமத்துப் பள்ளியில் நூற்றியோராவது பிள்ளை பிறந்து, வளர்ந்து, சேர்ந்த பிறகுதான் வண்ணத்தைப் பற்றிப் பேசலாம். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு? கையில் கரி கிடைத்தால் சுவரெல்லாம் வரைகிற வயதுக்கு? அட்டவணை வாயே திறக்கவில்லை. இத்தனைக்கும் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு, பத்தாம் வகுப்புவரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தது. படித்திருப்பார்கள். படித்துவிட்டுப் பகுதிநேரம் என்று எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாடு 2012-இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமித்தது. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி எல்லாம் சேர்த்து. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். நியமித்தது அ.தி.மு.க. அரசு. பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதியது தி.மு.க. இடையில் படிப்படியாக ஏறியிருந்த சம்பளத்தில் 2024-இல் மேலும் 2,500 ரூபாய் கூட்டினார்கள், 12,500 ஆனது. அப்போதும் நிரந்தரம் வரவில்லை. மே மாதம் கோடை விடுமுறை என்பதால் அந்த மாதம் சம்பளம் கிடையாது என்பதே வழக்கமாக இருந்தது. ஓவிய ஆசிரியரின் வயிறும் அந்த மாதம் விடுமுறை எடுத்துக்கொள்ளும் என்று நிதித்துறை கணக்குப் போட்டிருந்தது. கோரிக்கையோடு சென்னைக்கு வந்து தெருவில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றி மண்டபங்களில் அடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவிய முகாம் நடக்கிற அதே மாதிரி மண்டபம்தான்.

அந்த மூன்று அரைநாளிலாவது டிராயிங் மாஸ்டர் வரைய வைக்கிறாரா? வைக்க விட்டால்தானே. முதன்மைக் கல்வி அலுவலர் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார், ‘வருக வருக’ போர்டு எழுத வேண்டும். சயின்ஸ் டீச்சருக்கு இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் சார்ட்டில் வேண்டும். ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரம். சுவரில் திருவள்ளுவர் வெளுத்துவிட்டார், தாடியைக் கருப்பாக்கி, இல்லை, வெள்ளையாக்கித் தர வேண்டும். இவை முடிந்து வகுப்புக்குப் போனால் கணக்கு வாத்தியார் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். “போர்ஷன் முடியல சார், உங்க பீரியடு ஒண்ணு...” கடன் கேட்கிற குரல்கூட இருக்காது, எடுத்துக்கொண்டதைத் தெரிவிக்கிற குரல். எந்தப் பள்ளியிலாவது ஓவிய ஆசிரியர் கணக்கு பீரியடை வாங்கிய வரலாறு உண்டா?

நேர்மையாகச் சொன்னால், 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா ஒரு நல்ல காரியம். மேடையே ஏறாத பிள்ளைகள் ஏறினார்கள். பரிசு பெற்றவர்களில் சிலரை வெளிநாட்டுப் பயணத்துக்கே அனுப்பிவைத்தார்கள். சந்தோஷம். ஆனால் திருவிழா என்பது தேர் வருகிற நாள். மற்ற நாளெல்லாம் கோயில் பூட்டிக் கிடந்தால் என்ன பெயர் வைப்பது? வகுப்பில் ஒரு பிள்ளை தேர்வாகி மாவட்டத்துக்குப் போகும், மிச்சம் முப்பத்தொன்பது பிள்ளைகள் கைதட்டக் கற்றுக்கொள்வார்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களும் இருக்கின்றன, 5 முதல் 16 வயதுவரை பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில். பஸ் பிடித்துக் கூட்டிவர வீட்டில் ஒரு ஆள் சும்மா இருந்தால் பிள்ளைக்குக் கலை கிடைக்கும். சனி ஞாயிறும் கூலிக்குப் போகிற வீட்டில் அப்படி யார் சும்மா இருக்கிறார்கள்?

இடையில் ஒரு வரிக்கணக்கு. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது குழந்தைகளுக்கான படப் புத்தகத்துக்கும் வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கும் வரி இல்லை என்றார்கள். கிரேயானுக்கும் பென்சிலுக்கும் 12 சதவீதம். அடைக்க வேண்டிய கட்டம் இலவசம், அடைக்கிற வண்ணத்துக்கு வரி. அந்த வரியைப் பூஜ்யம் ஆக்குவதற்கு 2025 செப்டம்பர் 22 வரை எட்டு வருஷம் ஆனது.

பொருள் இல்லாததால் கலை வரவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஓவியர் 1897-இல் குழந்தைகளுக்கென்று கலை வகுப்பு தொடங்கியபோது பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவில்லை, பெரியவர்களின் படத்தைப் பார்த்து எழுதவும் வைக்கவில்லை. நமக்கு வியன்னாவும் வேண்டாம். மார்கழி விடியலில் இருபத்தோரு புள்ளிச் சிக்குக் கோலத்தை ஒரு கோடு பிசகாமல் இழுத்து முடிக்கிற பெண்ணுக்கு, ஒன்பது மணிக்குப் பள்ளிக்குப் போனதும் “டிராயிங்ல வீக்” என்று பெயர். குயவர் தெரு இருக்கிற ஊரிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் ‘ஹேண்ட்ஸ் ஆன் க்ளே ஒர்க்‌ஷாப்’ நடக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் வாசனை போட்ட கலர் களிமண், கையில் ஒட்டாது. ஒட்டாத மண்ணால் என்ன பயன் என்று குயவரைக் கேட்டால் சொல்லுவார், ஆனால் அவரைக் கூப்பிடவில்லை. அவர் ரிசார்ட்டில் விருந்தாளிகளுக்குச் சக்கரம் சுற்றிக் காட்டப் போயிருக்கிறார். சனிக்கிழமை அவருக்குக் கூலி கிடைக்கிற ஒரே இடம் அது.

உலக சாதனைக்காக ஆயிரக்கணக்கான பிள்ளைகளை மைதானத்து வெயிலில் உட்காரவைத்து ஒரே படத்தை ஒரே நேரத்தில் வரையவைப்பவர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. வரிசையாக நின்று ஒரே மாதிரி செய்வதற்குப் பட்டாலியன் இருக்கிறது. பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது கெட்ட எண்ணம் கொண்டவர்கள்மேல் அல்ல, அவர்கள் குறைவு. நல்ல எண்ணத்தோடு ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள்மேல்தான். வருஷம் முழுக்கப் பள்ளியில் திருடிய பீரியடுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் சாதத்தோடு திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கு எழுதிவிடலாம் என்று அவர்கள் மெய்யாகவே நம்புகிறார்கள். பள்ளியில் உரிமையாகக் கிடைக்க வேண்டியதை மண்டபத்தில் தானமாக வாங்கி, அதற்கு நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த முகாமுக்கு நன்கொடை கேட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். கதவைச் சாத்த வேண்டாம். உட்காரவைத்து, காபி கொடுத்து, இரண்டே கேள்வி கேளுங்கள். சொல்லிக் கொடுக்கிறவருக்கு எவ்வளவு சம்பளம்? பிள்ளை போட்ட படம் யார் வீட்டுக்குப் போகும்? இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தால் நூறு இருநூறு என்று நிறுத்தாமல் தாராளமாகக் கொடுங்கள். வராவிட்டால் அந்தப் பணத்துக்கு ஒரு கட்டுத் தாளும் நாலு பாக்கெட் கோலப்பொடியும் வாங்கி உங்கள் தெருப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, தலைப்பு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விடுங்கள். திங்கட்கிழமை காலையில் மறக்காமல் பள்ளிக்குப் போய், டைம்டேபிளில் இருக்கிற ஓவிய பீரியடை யார் எடுக்கிறார் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.