கப்பிப் பெருக்கமும் பத்தமடை உறவுமுறையும்: முதற்கட்ட ஆய்வு

பத்தமடையைப் பற்றி எழுதுகிறவர்கள் கோரைப் பாயில் ஆரம்பித்து, 1887-ல் இங்கே பிறந்த சுவாமி சிவானந்தரில் முடித்துக்கொள்வது மரபு. பட்டாசாலையில், டிவிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் செடியோடு நிற்கும் மீன்தொட்டியை எந்த ஆய்வாளரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாறு. அந்தத் தொட்டியில் நீந்தும் கப்பி மீனின் பூர்வீகம் வெனிசுவேலா, டிரினிடாட் பக்கம். 1859-லேயே ஜெர்மானியர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் அதற்கு முறைப்படி பெயர் வைத்துவிட்டார். 1866-ல், டிரினிடாடிலிருந்து லெக்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீனை லண்டனில் பார்த்த விலங்கியலாளர் கியூந்தர், புது இனம் என்று நம்பி அனுப்பியவர் பெயரையே சூட்டினார். விஞ்ஞானம் பீட்டர்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊர் வாய் கப்பியை விடவில்லை. பட்டா ஒருவர் பேரிலும் அனுபவம் இன்னொருவர் பேரிலும் இருப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதா என்ன?

ஆணுக்கு உடம்பு சிறுத்து, வாலில் அத்தனை ஜோடனை. பெண்ணுக்கு நிறம் கம்மி, வயிறு பெரிது. முட்டையிடாது, ஏறக்குறைய மாதத்துக்கொரு தரம் குட்டி போடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் போதும், வித்தைப் பல மாதம் உள்ளேயே வைத்திருந்து தவணை முறையில் ஈனும். ஆகவே, "பொட்டை மட்டும் குடுங்க அண்ணாச்சி, பெருகாதுல்லா" என்று கடையில் சாமர்த்தியம் பேசிப் பயனில்லை.

குழாய்த் தண்ணீரைக் குளோரின் வாடை போக ஒருநாள் வாளியில் வைத்து ஊற்றினால், வளர்ப்புக் கலை ஏறக்குறைய முடிந்தது. கப்பி வளர்ப்பில் மீன் சாவது சிக்கலில்லை, சாகாததே சிக்கல். இயற்கை இதை முன்கூட்டியே யோசித்துத்தான் தாய்க்கே குட்டியைத் தின்னும் குணத்தைக் கொடுத்தது. நாமோ பாசியைப் போட்டு, குட்டிகள் ஒளிந்து பிழைக்க வழிசெய்து, அந்த ஏற்பாட்டையும் கெடுக்கிறோம்.

இங்கேதான் உறவுமுறை நுழைகிறது. முதல் ஈத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகும். இரண்டாவது, சேரன்மகாதேவி மதினிக்கு. மூன்றாவதைக் கொண்டுபோகும்போது மதினி வாசலிலேயே மறிப்பாள்: "போன தடவை தந்ததே பெருகிக் கெடக்கு கொழுந்தனாரே. போகும்போது நீங்க கொஞ்சம் கொண்டு போங்க." மொய்யைத் திருப்பிச் செய்ய வருஷக்கணக்கில் அவகாசம் உண்டு. கப்பிக்கு அது கிடையாது.

மிஞ்சியதை என்ன செய்வது? கொசுப்புழுவை ஒழிக்கச் சுகாதாரத் துறையினர் கிணறுகளில் விடும் மீன்களில் கப்பியும் ஒன்று. 2012-ல் டெங்கு இந்த மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. மூடியில்லாத சிமென்ட் தொட்டி இருந்தால் தாராளமாக விடலாம். கன்னடியன் கால்வாயில் மட்டும் கவிழ்த்துவிடாதீர்கள். வந்தேறி மீன் ஊர் மீனின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். தலையில் வெள்ளிப் பொட்டோடு மேல்தண்ணீரில் திரியும் நம்மூர்க் குஞ்சுமீனுக்கே கொசுப்புழு தின்னத் தெரியும்.

ஆய்வு தொடர்கிறது. கப்பி வேண்டுவோர் மூடியோடு பாட்டில் கொண்டுவரவும். ஜோடியாகத் தருவதில்லை, மொத்தமாகத்தான்.