பபுள் – 2 எண்ணம்

நான் மெக்கானிக்கல் படித்த காலத்தில் தொழிற்சாலையைப் பார்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஐ.வி., அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட். ஊட்டியில் ஒரு தேயிலை ஃபேக்டரியை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மிச்ச மூன்று நாளும் ஏரியில் படகு விடுவது. தேயிலைக்கும் மெக்கானிக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. அவரும் குடும்பத்தோடு வந்திருந்தார்.

இன்னொன்று ஐ.பி.டி. இன்ப்ளாண்ட் ட்ரெயினிங். இதில் படகு கிடையாது. மூன்றாம் வருஷ லீவில் நான்கு வாரம் ஏதாவது ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு சர்டிஃபிகேட்டோடு வர வேண்டும். கம்பெனியை நாமே தேடிக்கொள்ள வேண்டும். கல்லூரி தருவது ஒரு போனஃபைடு மட்டும். எங்கள் வீட்டில் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடிய அதே ஆட்களைத் திரும்பவும் முடுக்கிவிட்டார்கள். கடைசியில் அப்பாவின் ஆபீஸ் நண்பருடைய சம்பந்தி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர் என்று தெரியவந்தது. "சம்பளம் கேக்க மாட்டானே?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

இந்த விஷயத்தை ஒழுங்காக யோசித்த மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் ஹெர்மன் ஷ்னைடர், அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். இன்ஜினியரிங்கில் பாதியை வகுப்பறையில் சொல்லித்தரவே முடியாது என்று அவருக்குத் தோன்றியது. 1906இல் 27 மாணவர்களை வைத்து ஆரம்பித்தார். ஒரு வாரம் வகுப்பு, மறுவாரம் பட்டறை. ஒரு வேலைக்கு இரண்டு பேர். ஒருவன் பாடம் கேட்கும்போது இன்னொருவன் மெஷினில் நிற்பான், அடுத்த வாரம் மாற்றிக்கொள்வார்கள். நம் ஒண்டுக்குடித்தன வீடுகளின் முறைவாசல்தான். அவர்கள் அதற்கு கோ-ஆப் என்று பெயர் வைத்து, கூலியும் கொடுத்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் பிறந்தபோதே இந்த ஏற்பாட்டோடுதான் பிறந்தது. அங்கே இப்போது நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் வேலை.

நம்மூரிலும் இல்லாமல் இல்லை. கோவை பி.எஸ்.ஜி.யில் சாண்ட்விச் படிப்பு உண்டு: படிப்புக்கு நடுவே தொழிற்சாலை, மொத்தம் ஐந்து வருஷம். என் அத்தை மகன் அதில் சேர்ந்தான். நாலு வருஷப் படிப்பை ஐந்து வருஷம் படிக்கிறானே, எந்த வருஷம் கோட்டை விட்டான் என்று எங்கள் தெரு கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தது.

என் கதைக்கு வருகிறேன். 1998 மே, அக்கினி நட்சத்திரம். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, டைம் ஆபீசில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சொன்னது இரண்டே வார்த்தை: "எதையும் தொடாதே." அதற்குள் ஒரு டர்னர் அண்ணன் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன படிக்கிறே தம்பி?"

"பி.இ. மெக்கானிக்கல்ணே."

"நல்லதாப் போச்சு. இந்தா அரம். பிசிறு எடு."

மூன்று நாள் பிசிறு எடுத்தேன். நாலாம் நாள் பதவி உயர்வு, வெர்னியரைக் கையில் கொடுத்தார். லேத்திலிருந்து இறங்கிய வட்டத்தை அளந்தேன். நூறு மில்லிமீட்டர், அச்சு அசலாக. "சரியா இருக்குண்ணே" என்றேன், நானே கடைந்தது மாதிரி. அவர் அதை கூலண்டில் போட்டு, டீ குடித்துவிட்டு வந்து, "இப்ப அள" என்றார். ஐந்து பாயிண்ட் குறைந்திருந்தது, அதாவது 0.05 மில்லிமீட்டர். ஜாப் ரிஜெக்ட்.

"சூட்டோட அளக்கலாமா தம்பி?"

எஃகு சூடானால் விரியும். ஒரு டிகிரிக்கு, பத்து லட்சத்தில் ஏறக்குறைய 12 பங்கு. நூறு மில்லிமீட்டர் வட்டம் நாற்பது டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் கணக்கு கிட்டத்தட்ட அந்த 0.05தான். அந்தக் கணக்கைப் பரீட்சையில் போட்டு எட்டுக்கு எட்டு வாங்கியவன் நான். ஆனால் கேள்வித்தாளில் விரிந்த எஃகும் என் கையைச் சுட்ட எஃகும் ஒரே எஃகு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஷ்னைடர் சொல்லியிருப்பார். எட்டாவதோடு நின்ற அண்ணன் டீ குடிக்கிற நேரத்தில் சொன்னார்.

அந்த மரியாதையில்தான் அடுத்ததில் விழுந்தேன். புது லேத் ஒன்றை மட்டம் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ரசமட்டத்தைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பபுள் வீக்காயிடுச்சு. ஸ்டோர்ல ஒரு பபுள் வாங்கிட்டு வா தம்பி."

போனேன். ஸ்டோர் கீப்பர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "இண்டென்ட் இல்லாம எப்படி?" என்றார். படிவத்தை வாங்கி நிரப்பினேன்: பபுள், ரசமட்டத்துக்கானது – 2 எண்ணம். ஒன்று ஸ்பேர். அது என் சொந்த யோசனை. "சைஸ் போடலியே?" என்று திருப்பி அனுப்பினார். அண்ணனிடம் ஓடிப் பத்து மில்லிமீட்டர் என்று கேட்டு வந்தேன். சூப்பர்வைசர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முத்திரையும் விழுந்தது. ஸ்டோர் கீப்பர், "ஸ்டாக் நில்" என்று எழுதி, அதை பர்ச்சேஸுக்கு அனுப்பிவைத்தார்.

பர்ச்சேஸில் யார் இருந்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் வந்தது. அப்பா நெடுநேரம் "ஓ... ஓ..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, "உன்ன ரொம்ப சுறுசுறுப்பான பையன்னு சொன்னார்டா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஷாப்பில் என் பெயர் பபுள். நாலு வாரம் முடிந்து கிடைத்த சர்டிஃபிகேட்டில் ஹீட் ட்ரீட்மென்ட், சி.என்.சி., ஸ்டோர்ஸ் நடைமுறை மூன்றிலும் பயிற்சி பெற்றதாக எழுதியிருந்தது. முதல் இரண்டும் பொய்.

இப்போது காலம் மாறி நான் இன்டர்ன்ஷிப் கொடுக்கிற இடத்தில் இருக்கிறேன். பையன்கள் வருகிறார்கள். வராமலேயே சர்டிஃபிகேட் கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. நான்கு வாரப் பயிற்சியை வீட்டிலிருந்தே செய்யலாமா என்று ஒருவன் கேட்டான். பிசிறு எடுக்க வேண்டியதை கூரியரில் அனுப்புவதா என்று எனக்குக் குழப்பம்.

போன மாதம் ஒரு பையன் நேரிலேயே வந்தான். துறுதுறுவென்று இருந்தான். பார்த்ததும் எனக்குப் பழைய ஆசை எட்டிப்பார்த்தது. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "தம்பி, ரசமட்டத்துக்கு பபுள் வேணும். ஸ்டோர்ல கேட்டு வாங்கிட்டு வா" என்றேன்.

அவன் நகரவில்லை. செல்போனை எடுத்து நாலு தட்டு தட்டினான்.

"தனியாவே விக்கிறாங்க சார். சின்னக் குழாய்ல பபுளோட வருது, பத்து மில்லிமீட்டர் சைஸ்கூட இருக்கு. எத்தனை போடட்டும்?"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

"ரெண்டு" என்றேன்.