கொச்சியில் ஒரு யூத முதலியார்

பனவடலிசத்திரம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ஜெர்மனியில் யூதர்களுக்கு வட்டாரத் தலைமை ராபிகள் (மதகுருக்கள்) இருந்தார்களாமே, யார் நியமித்தது?

ப: பெரும்பாலும் அந்தந்தப் பகுதியை ஆண்டவர்கள். அன்று ஜெர்மனி ஒரே நாடல்ல. ஹனோவர், ஓல்டன்பர்க், வூர்ட்டம்பர்க் என்று பல ஆட்சிகள், ஆட்சிக்கொரு ஏற்பாடு. ஹனோவரில் 1830 முதல் அந்தப் பதவியில் இருந்த நாதன் மார்க்கஸ் அட்லர், 1845-இல் பிரிட்டனுக்கே தலைமை ராபி ஆனார்.

கே: யூதர்களின் மத விவகாரத்தில் ராஜாவுக்கு என்ன அக்கறை?

ப: வரி! அதை வசூலிக்கத்தான் 1407-இல் ஜெர்மானிய மன்னர் ரூப்ரெக்ட், நூரன்பெர்க் ராபி இஸ்ரேலை ஜெர்மானிய யூதர் அனைவருக்கும் தலைவராக்கினார். அந்த யூதர்களோ அவரை ஏற்க மறுத்துவிட்டார்கள். துணிச்சல்காரர்கள்.

கே: நம் பக்கத்தில் அப்படி யாராவது உண்டா?

ப: செங்கோட்டை தாண்டி கேரளத்துக்குள் போனால் கொச்சி. அங்கே யூதர்களின் தலைவருக்கு ராஜா தந்த பட்டம், முதலியார்! லெவி, காஸ்தியேல் குடும்பங்களில் அது வழிவழியாக வந்தது. சில்லறை வழக்குகளை அவரே தீர்ப்பார், அபராதமும் விதிப்பார். அதற்கும் முன்னே, சுமார் கி.பி. 1000-இல், சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும், பல்லக்கு, குடை உள்ளிட்ட 72 உரிமைகளையும் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். நம் வட்டெழுத்தில்தான்!

கே: அப்படியானால் முதலியார்தான் மதத்துக்கும் தலைவரா?

ப: இல்லை. கொச்சியில் முறையாக அமர்த்தப்பட்ட ராபியே இருந்ததில்லை. பெரியவர்கள் கூடி முடிவெடுப்பார்கள். சிக்கலான சந்தேகம் கடல் கடந்து போகும். 16-ஆம் நூற்றாண்டில் அப்படி ஒரு கேள்வி கெய்ரோவுக்குப் போனது. சிறுபான்மையாக இருந்த சிலர், பணக்காரர்களான மற்ற யூதர்களை அடிமை வம்சம் என்று சொல்லிப் பெண் கொடுக்க மறுத்தார்கள். அங்கிருந்த ராபி டேவிட் இபின் ஸிம்ரா, சடங்குக் குளியலுக்குப் பின் தாராளமாகக் கலந்து வாழலாம் என்று தீர்ப்பு அனுப்பினார்.

கே: கேட்டார்களா?

ப: கேட்கவில்லை! கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்குச் சம இடம் தரப்படவில்லை. இதை எதிர்த்து 20-ஆம் நூற்றாண்டில் வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். அவரை ‘யூத காந்தி’ என்றார்கள். கோயில் நுழைவுக்காகப் போராடிய நம் தென்பாண்டிச் சீமைக்கு அவர் அந்நியரா என்ன? ராஜா தந்த பட்டமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும்; என் கணக்கில் கொச்சி யூதர்களின் தலைவர் சேலம்தான்.